நன்றாகக் கழுவிச் சமைக்கவும்

பேரீச்சம்பழப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காகிதத்தை யாரும் முழுதாக வாசிப்பதில்லை. பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பெட்டியை அடுப்புக்குள் வைத்துவிடுவார்கள். நான் வாசிப்பேன், ஐயா. எனக்குத் தெரிந்த தொழில் அதுதான்.

தண்ணீர் வைத்ததற்கு நன்றி. நான் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதப்போவதாகச் சொன்னீர்கள். ஆகவே ஆறுதலாகவே சொல்கிறேன். உங்கள் பேனாவை முந்திக்கொண்டு ஓடமாட்டேன்.

என் பெயர் மஹ்றூப். சொந்த ஊர் முல்லைத்தீவு. அரபை மத்ரஸாவிலும் ஆங்கிலத்தை மிஷன் பள்ளிக்கூடத்திலும் படித்தேன். இரண்டும் தெரிந்ததால் கொழும்பில் பேரீச்சம்பழம் இறக்குமதி செய்யும் ஒரு முதலாளியிடம் வேலை கிடைத்தது. பெட்டிகளிலும் சாக்குகளிலும் வரும் அரபு அறிவித்தல்களைச் சுங்கக்காரருக்காக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பேன். சில வேளை, கரையேறிய மாலுமிகள் தங்கும் விடுதியின் கதவுகளில் ஒட்டியிருப்பதையும் எழுதுவேன். செருப்பை இங்கே கழற்றவும், விளக்கை அணைத்துவிட்டுப் போகவும், இப்படியான சின்னச் சின்ன விஷயங்கள்தான்.

அரபு அறிவித்தல்கள் மரியாதையானவை. பூட்டிய கடைக் கதவில்கூட, 'தொழுகைக்குப் போயிருக்கிறோம், உங்களைக் காக்க வைப்பதற்குப் பொறுத்தருளுங்கள்' என்று எழுதியிருப்பார்கள். ஆங்கிலத்தில் 'பூட்டியாயிற்று' என்று போட்டால் போதும் என்பார் முதலாளி. எனக்கு மனம் வராது. உள்ளே வரக்கூடாது என்பதை மூன்று விதமாக எழுதலாம், ஐயா. கையை ஓங்குவது போல எழுதலாம். கெஞ்சிக் கேட்பது போல எழுதலாம். வராமல் இருப்பது வருகிறவருக்கே நல்லது என்பது போலவும் எழுதலாம். நான் எப்போதும் மூன்றாவதைத்தான் எடுப்பேன். நோகடிக்காத ஒரு சொல் கையில் இருக்கும்போது நோகடிக்கிற சொல்லை எடுப்பது பாவம். இதை அன்றும் நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

வாப்பா நோயில் விழுந்த பிறகு கொழும்பை விட்டு வந்து, கனகராயன்குளத்தில் பெருந்தெருவோரமாக ஒரு சின்னக் கடை போட்டேன். என் மனைவி ஜொஹறாவும் நானும் கடைக்குப் பின்னால் குடியிருந்தோம். அடுத்த வளவில் இளையதம்பி, பத்மாசனி. யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து காணி கிடைத்து வந்தவர்கள். அண்ணன், அக்கா என்ற முறையில் எங்களை நானா, ராத்தா என்பார்கள். அவர்களுக்கு ஒரே மகள், விமலேஸ்வரி. பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டப் பழகியதிலிருந்து என் கடைக்கு வந்து, சவர்க்காரக் கட்டி முதல் நெருப்புப் பெட்டி வரை எல்லாவற்றையும் சத்தமாக வாசிப்பாள். இரண்டு வளவுக்கும் நடுவே கிடுகு வேலி. வேலியில் ஒரு பொட்டு இருந்தது, ஓர் ஆள் குனிந்து போகக்கூடிய திறப்பு. நோன்புக் கஞ்சி இந்தப் பக்கமிருந்து போகும். பொங்கல் அந்தப் பக்கமிருந்து வரும். அதை யாரும் அடைக்க நினைத்ததில்லை.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தை நான் சொல்லத் தேவையில்லை. உங்களுக்கும் தெரியும். குளங்கள் உடைத்தன, கதிர் விடவிருந்த நெல் மண்ணுக்குள் போயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு நிவாரணச் சாமான் வந்தது. ஒரு பழைய நெல் களஞ்சியத்தில் அதை இறக்கினார்கள். பொறுப்பாக வந்தவர் சிற்றம்பலம் ஐயா. நேர்மையான மனிதர். சந்தேகமான பொருள் எதையும் சனத்துக்குக் கொடுக்கமாட்டார். சாமானில் பாதிக்கு மேல் அரபு எழுத்து இருந்ததால் என்னைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார். அந்த ஆங்கிலத்தைப் பார்த்துத்தான் அவர் பங்கிடுவார். அதைத் தமிழில் பலகையில் எழுதிக் களஞ்சிய வாசலில் கட்டுவதும் என் வேலை. அரபிலிருந்து சனத்தின் வாய் வரைக்கும் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த வழியில் நான் நின்றேன்.

முதலில் வந்தது பேரீச்சம்பழம். 'பெட்டி நனைந்திருந்தால் உண்ண வேண்டாம்' என்று காகிதத்தில் இருந்தது. இருந்தபடியே எழுதிக் கொடுத்தேன். சிற்றம்பலம் ஐயா பெட்டிகளைப் புதைக்கக் கிடங்கு வெட்டச் சொன்னார். ஒருவேளைச் சாப்பாட்டுக்கு மரவள்ளி தேடித் திரிந்த சனம் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்க, அத்தனை பெட்டிகளும் மண்ணுக்குள் போயின. யாரும் சத்தம் போடவில்லை. திரும்பி வரும்போது பத்மாசனி மட்டும் என்னிடம் சொன்னாள்.

"நீங்கள் அந்த ஒரு வரியை வாசியாமல் விட்டிருக்கலாம், நானா."

குற்றமாகச் சொல்லவில்லை. அவளுக்கு அப்படிச் சொல்லத் தெரியாது. அதனால்தான் அது எனக்குள் தங்கிவிட்டது.

அடுத்து வந்த பால்மாத் தகரப் பேணிகளில் 'நெளிந்த பேணிகளைத் தனியே வைக்கவும்' என்றிருந்தது. அதை எழுதவில்லை. போர்வைக் கட்டுகளில் 'பழையது' என்றிருந்தது. 'பாவனைக்கு உகந்தது' என்று எழுதினேன். யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. தயவுசெய்து இதை எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பால் குடித்தார்கள். தெருவில் போகும்போது கிழவர்கள் எனக்காகச் சால்வையைத் தோளிலிருந்து இறக்கினார்கள். ஒரு சொல்லைக் கொஞ்சம் மெதுவாக்கினால் எத்தனை வயிறு நிறைகிறது என்று வியந்தேன். இரவில் தொழுதுவிட்டு அதற்காக நன்றி சொன்னேன்.

பிறகு கோதுமை வந்தது.

மாவல்ல, முழுக் கோதுமை. இளஞ்சிவப்புச் சாயம் பூசினது போல இருந்தது. எங்கோ ஓர் அரபு நாட்டு உழவருக்கென்று கட்டிய மூட்டைகள். கப்பல் மாறியதோ, கை மாறியதோ, எனக்குத் தெரியாது. சாக்கின் வயிற்றில் கறுப்பு மையில் அறிவித்தல் அச்சடித்திருந்தது. சிற்றம்பலம் ஐயா கதிரையில் இருந்தபடி பேனா மூடியைக் கழற்றினார். வெளியே தூறல். சனம் வெறுஞ்சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு வரிசையில் நின்றது.

"என்ன எழுதிக் கிடக்கு, மஹ்றூப்?"

"கோதுமை ஐயா."

"அது எனக்கும் தெரியுது. கோதுமை எண்டு சொல்ல அரபிக்காரருக்கு நாலு வரி வேணுமோ?"

"அவங்கள் மரியாதைக்காரர் ஐயா."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு சொன்னதை மாற்றுவது கடினமாகிவிட்டது.

அறிவித்தலில் இருந்ததைச் சொல்கிறேன். இது விதைக் கோதுமை என்றது ஒரு வரி. பூச்சியும் பூஞ்சணமும் பிடிக்காமல் மருந்து பூசப்பட்டது என்றது அடுத்த வரி. மனிதருக்கும் விலங்குக்கும் இது நஞ்சு என்றது அதற்கடுத்த வரி. அந்த இடத்தில் அரபில் இருந்தது 'ஸும்' என்ற சொல். சிறிய சொல். ஆங்கிலத்திலும் அதற்குச் சின்னதாக ஒரு சொல் இருக்கிறது. அதை எழுதினால் இன்னொரு கிடங்கு வெட்டுவார்கள். விதை என்று எழுதினாலும் அதே கதைதான். எங்கள் மண்ணில் கோதுமை விளையாது. விதைக்கென்று வைத்ததைச் சமைத்துத் தின்னவும் இந்தச் சனம் ஒருப்படாது, பட்டினி கிடந்தாலும். வாசலில் நின்றவர்களை ஒரு தரம் பார்த்துவிட்டு எழுதினேன்.

'கோதுமை. பூச்சி அணுகாதபடி பாதுகாக்கப்பட்டது. நன்றாகக் கழுவிச் சமைக்கவும்.'

அன்று பின்னேரமே பலகையில் தமிழிலும் எழுதிக் கட்டினேன். எழுத்து வடிவாக வந்திருந்தது. விமலேஸ்வரி அதைப் பாடமாக்கிவிட்டாள். அந்த வழியால் போகும்போதெல்லாம் தலையை ஆட்டி ஆட்டி, பள்ளிக்கூடத்தில் ஒப்புவிப்பது போலச் சொல்லுவாள்.

சனம் நான் எழுதியபடியே செய்தது. அரிசி கழுவுவது போல மூன்று தண்ணீரில் கழுவினார்கள். முதல் தண்ணீர் செம்பரத்தம்பூ நிறம். இரண்டாவது வெற்றிலைத் துப்பல் நிறம். மூன்றாவதில் சாயமே இல்லை. பிறகு காயவைத்து, உரலில் இடித்து, ரொட்டி சுட்டார்கள். பிட்டு அவித்தார்கள். ஊரெல்லாம் உலக்கைச் சத்தம் கேட்டது. முதல் கிழமை போயிற்று, அடுத்த கிழமையும் போயிற்று. ஒருவருக்கும் தலையிடிகூட இல்லை. மருந்து தண்ணீரோடு போய்விட்டது என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டுப் பங்கைப் பற்றிக் கேட்கிறீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும். எங்கள் பங்கைப் பத்மாசனிக்குக் கொடுத்தேன். ஒவ்வொரு தரமும் வேலிப் பொட்டால் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இளையதம்பிக்குக் கூலி வேலை இல்லை. வளருகிற பிள்ளை வீட்டில் இருக்கிறது. ஜொஹறா ஒரு முறை, எங்களுக்கும் கொஞ்சம் வைத்தால் என்ன என்று கேட்டாள். அவள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. இது தருமச் சாமான், கடை வைத்திருக்கிற நாங்கள் கை நீட்டக்கூடாது என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அதை நான் தருமமாகத்தான் கொடுத்தேன். ஏன் எங்கள் அடுப்பில் அது ஏறவில்லை என்று அப்போது என்னை நானே கேட்டதில்லை. நல்ல காரியம் செய்கிறவன் அப்படியெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதில்லை.

முதலில் தடுமாறியது பத்மாசனியின் ஆடு. கோதுமை கழுவிய தண்ணீரை அவள் அதற்கு வைத்து வந்தாள். கழுநீரைக் கீழே ஊற்றுகிற வழக்கம் இங்கே இல்லை. ஒருநாள் காலையில் அது எழும்பும்போது பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன. தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு நின்றது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வெகு நேரம் பார்த்தேன்.

"ஆட்டுக்குக் கழுநீர் வையாதேங்கோ, தங்கச்சி. ஊத்தி விடுங்கோ."

"ஏன் நானா?"

"வாயில்லாச் சீவன். அதுக்கு ஒத்துவராது."

அவள் சிரித்தாள். "மனிசர் எங்களுக்கு ஒத்துவருது, இவவுக்கு ஒத்துவராதோ? எங்கட ஆடு வெள்ளைக்காரத் துரைச்சியாக்கும்."

ஆனாலும் என் சொல்லைக் கேட்டாள். அன்றிலிருந்து கழுநீரை வாழைக்கு ஊற்றினாள். ஆடு மெல்ல மெல்லத் தேறிவிட்டது. இன்னும் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். அதற்கு இடம் இருந்தது. அவள் கையில் சட்டியோடு, முகத்தில் சிரிப்போடு, என் வாயைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அந்தச் சிரிப்பை என் கையால் அணைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆட்டைக் காப்பாற்றிய நிம்மதியோடு கடையைத் திறந்தேன்.

பிறகு இளையதம்பி. உதடு விறைக்கிறது, சுண்ணாம்பு கூடின வெற்றிலை போட்டது போல இருக்கிறது என்றான். ஒருநாள் வரம்பில் நடக்கும்போது விழுந்தான். வெறியோ என்று கேலி செய்தார்கள். அவன் குடிக்கிறவன் அல்ல. அதற்குப் பிறகு பக்கத்து வளவுகளிலும் ஒவ்வொருவராக விழத் தொடங்கினார்கள். வெள்ளத்தோடு வந்த காய்ச்சல் என்றார்கள் சிலர். அம்மன் கோபம் என்று நேர்த்தி வைத்தார்கள் சிலர். களஞ்சியத்தில் பங்கீடு நடந்துகொண்டே இருந்தது. நோயாளி உள்ள வீட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கும்படி நான்தான் சிற்றம்பலம் ஐயாவிடம் சொன்னேன். நல்ல எண்ணத்தோடு சொன்னேன்.

விமலேஸ்வரி ஒரு பின்னேரம் பலகைக்கு முன்னால் நின்று வாசித்தாள். 'நன்றாக' என்ற சொல் அவள் வாயில் முழுதாக வரவில்லை. நாக்கு இழுத்தது. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். எழுத்து மங்கலாய்ப் போச்சுது, நானா, புதுசா எழுதிவிடுங்கோ என்றாள். எழுத்து மங்கவில்லை, ஐயா. அடுத்த நாள் மையெடுத்துக்கொண்டு போய், அவளுக்காக அதே எழுத்துகளின் மேல் இன்னும் தடிப்பாக எழுதினேன்.

சிற்றம்பலம் ஐயா என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

"மஹ்றூப், அந்தச் சாக்கில வேற ஒண்டும் எழுதேல்லையோ? வடிவா யோசிச்சுச் சொல்லும்."

"இல்லை ஐயா."

அவர் என்னை நம்பினார். அவரை நீங்கள் கேள்வி கேட்டு நோகடிக்க வேண்டாம். அவருடைய ஆங்கிலம் நான் எழுதிக் கொடுத்த ஆங்கிலம்.

ஏன் அப்போதாவது சொல்லவில்லை என்று நானும் யோசித்திருக்கிறேன். அந்த நாட்களில் நான் எங்கே போனாலும் அந்தப் பலகை முன்னால் நின்றது. கடையைத் திறந்தால் தெரியும். பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் தெரியும். பங்கீட்டை நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் முதலில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். நான் ஒரு பூட்டுக்குள் இருந்தேன், ஐயா. சாவியும் என்னிடம்தான் இருந்தது. கதவைத் திறந்தால் வெளியே நிற்கிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதைவிட அம்மன் கோபம் என்று அவர்கள் நினைத்துக்கொள்வது அவர்களுக்கு ஆறுதல். சாமி தந்த நோயைத் தாங்கலாம். தாங்களே சால்வை இறக்கிக் கும்பிட்ட மனிதன் தந்த நோயை எப்படித் தாங்குவது? அவர்களுக்காகத்தான் யோசித்தேன்.

அந்தப் பிள்ளை, விமலேஸ்வரி, மாசிப் பனியில் இறந்தது. அடக்கத்துக்கு வேண்டிய வெள்ளைத் துணியை என் கடையிலிருந்துதான் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

அதன் பிறகு ஒரு மத்தியானம் ஜொஹறா எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். கோப்பை அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. அவள் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள். ஒரு துண்டு விரலில் வெட்டி இரத்தம் வந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. விரல்களில் உணர்ச்சி இல்லை என்று எனக்கு விளங்கிவிட்டது.

"என்ன சாப்பிட்ட நீ?"

"கோவிக்காதேங்கோ."

"என்ன சாப்பிட்ட நீ எண்டு கேக்கிறன்."

"பத்மாசனி ரொட்டி தாறவ. ஒவ்வொரு நாளும், நீங்கள் களஞ்சியத்துக்குப் போன பிறகு, பொட்டால கொண்டுவந்து தாறவ. 'இடிக்க ஏலாமல்தானே ராத்தா உங்கட பங்கையும் எங்களுக்குத் தாறியள், பிள்ளைத்தாய்ச்சி வயிறு வாடக்கூடாது' எண்டு சுடச் சுடக் கொண்டு வருவா. வேண்டாமெண்டால் அந்த மனிசிக்கு நோகாதோ? மகள் செத்த வீட்டிலயிருந்தும் கொண்டுவந்து தந்தவ."

நான் கொடுத்த தானியம்தான். அதே பொட்டால் போய், இடிபட்டு, சுடப்பட்டு, அதே பொட்டால் திரும்பி வந்திருந்தது. அந்த வேலியை ஒரு நாளும் அடைக்காமல் விட்டோமே என்றுதான் முதலில் நினைத்தேன்.

அன்றே கார் பிடித்து ஜொஹறாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வாட்டு முழுக்க எங்கள் ஊர்ச்சனம். இளையதம்பி ஒரு பக்கம், பத்மாசனி ஒரு பக்கம். பத்மாசனிக்கு அப்போதே பார்வை ஒரு குழாயால் பார்ப்பது போலச் சுருங்கியிருந்தது. என் காலடிச் சத்தத்தைக் கேட்டு, "நானாவோ? ராத்தா சாப்பிட்டாவோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

டொக்டரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், என் மனைவி விதைக்குப் பூசும் மருந்தைத் தெரியாமல் சாப்பிட்டிருக்கிறாள் என்று சொன்னேன். மருந்தின் பெயர் சாக்கின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. அதையும் சொன்னேன். அதற்கு ஏதோ ஊசி இருக்கிறதாம். உடனே போட்டார். மற்றவர்களைப் பற்றி அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது என் தொழிலில் பழக்கமில்லை. இதை வெளியில் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு வாட்டைத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டே போனார். அதற்குப் பிறகுதான் வாக்குமூலம் எடுக்க நீங்கள் வந்தீர்கள்.

ஜொஹறாவின் வயிற்றில் பிள்ளை அசைகிறதாம். அதற்கு மேல் டொக்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஜொஹறாவும் இப்போது என்னோடு பேசுவதில்லை.

பத்மாசனிக்கு இன்னும் முழுதாகத் தெரியாது. சாக்கில் ஏதோ எழுதியிருந்ததாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் என்ன சொன்னாள் தெரியுமா, ஐயா? "பாவம், நானாவுக்கு அந்த எழுத்து விளங்கேல்லையாக்கும், விளங்கியிருந்தால் சொல்லாமல் விடுவாரோ" என்றாளாம். உங்கள் பொலிஸ்காரர்தான் எனக்குச் சொன்னார்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. சிற்றம்பலம் ஐயா எண்ணியது சரி. அறிவித்தலில் நாலு வரி இருந்தது. நான் உங்களுக்கு மூன்றுதான் சொன்னேன். நாலாவது வரி, 'கழுவினாலும் நஞ்சு நீங்காது' என்பது. கழுவுவது என்ற எண்ணமே எனக்கு அந்த வரியிலிருந்துதான் வந்தது. அன்று சாக்கைத் தொட்டபோதே அதை வாசித்தேன். விளங்காத சொல் அதில் ஒன்றும் இல்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். பத்மாசனிக்கு இப்போது கண் தெரியாது. இதை யாராவது அவளுக்கு வாசித்துக் காட்டத்தான் வேண்டும். வாசிக்கும்போது அந்த நாலாவது வரியை விட்டுவிடச் சொல்லுங்கள். இவ்வளவு நாளும் அவளுடைய மனம் நோகாமல் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.